உன் உடம்பு உன்னைக் கொல்லவில்லை

களுவாஞ்சிக்குடிப் பெண்ணொருத்தி கொண்டுவந்து தந்த கூறைச் சட்டைத் துணி இன்னும் என் வெட்டு மேசையில் வெட்டாமல் கிடக்கிறது. புதுப்பட்டின் மணம் கடை முழுவதும் நிற்கிறது. மற்றத் தையல்காரிகளுக்கு அந்த மணம் கலியாண வீட்டை நினைவூட்டும். எனக்கு உன் செத்தவீடுதான் நினைவுக்கு வருகிறது. இன்று காலை அதை மடித்து அலுமாரியில் வைக்கப் போனவள், வைக்காமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் புருசனுக்கு நான் என்ன செய்தேன் என்பதை நீ என் வாயால்தான் கேட்க வேண்டும்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நீ பெரிய உடம்புக்காரி. அந்த உடம்போடு மரமும் ஏறினாய், வாவியில் நீந்தியும் போனாய். ஒருமுறை வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குத் தோணியில் போனபோது தோணிக்காரன் உன்னைப் பார்த்து, “ரீச்சர் ஏறினா தோணி தாழ்ந்திரும் போல இரிக்கே” என்றான். நீ சட்டை செய்யாமல் ஏறி நடுவில் உட்கார்ந்தாய். “தாழ்ந்தா நான் மிதப்பன். நீதான் தாழுவாய். என்னப் புடிச்சுக்க” என்றாய். தோணியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். நீ படிப்பித்த பாலர் பாடசாலையில் உன் மடியில் இருக்கப் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். அழுகிற பிள்ளையை நீ தூக்கிச் சாய்த்தால் போதும், கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும்.

மாமாங்கத் திருவிழா வருகிறதென்றால் புதுச் சட்டைக்கு அமிர்தகழியிலுள்ள என் கடைக்கு முதலில் வருகிறவள் நீதான். மஞ்சள், கிளிப்பச்சை, ரத்தச் சிவப்பு என்று கண்ணில் அடிக்கிற நிறமாகப் பார்த்து எடுப்பாய். பெருத்தவர்கள் கடும் நிறம் உடுத்தக் கூடாது என்று யாரோ சொன்னதற்கு, “நான் எங்க ஒளிக்கிற? எனக்குப் பின்னால நீங்கதான் ஒளிக்கலாம்” என்று திருப்பிக் கொடுத்தாய்.

கலியாணத்துக்குப் பிறகு அந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவன் உன் சீதன வீட்டில் படுத்தான், நீ சமைத்த நண்டுக் கறியை விரல் சூப்பித் தின்றான், உன் கோப்பையில் விழுகிற சோற்றை மட்டும் முறைத்துப் பார்த்தான். திருவிழாவுக்குப் போனால் உனக்கு முன்னால் வேறு யாரோ மாதிரி நடப்பான். ஒருநாள் நான் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது நீ சுவரைப் பார்த்தபடி சொன்னாய்: “என்னோட நடக்க அவருக்கு வெக்கமாம்கா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப வீட்ட இரிக்கச் சொல்லு” என்றேன்.

“மெலிஞ்சா நான் வடிவா இரிப்பனாகா? கொழும்பில இரப்பைய வெட்டிச் சின்னதாக்குறாங்களாம். அவர் விசாரிச்சிரிக்கார்.”

“உனக்குச் சீனி வருத்தம் இரிக்கா? நெஞ்சு வருத்தம் இரிக்கா? ஒண்டுமில்ல. அவன்ட வெக்கத்துக்கு உன்ட வயித்த வெட்டுறதா? சட்டையத்தான் உடம்புக்கு வெட்டுற. உடம்ப ஆரும் வெட்டுவாங்களா?”

நீ சிரித்தாய். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. பயிற்சி வகுப்பு என்று சொல்லிக் கொழும்புக்குப் போய் வந்தாய். நான் ஏசுவேன் என்று என்னிடமும் மறைத்தாய். அதற்காக உன்னோடு எனக்குக் கோபமில்லை. ஒளிக்கச் சொன்னது யாரென்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்த உனக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் அப்படியே சத்தியாக வெளியில் வந்தது. அவனைப் பெற்ற உன் மாமி அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சந்தோசமாகச் சொல்லித் திரிந்தா. “வயித்தில நிண்டிட்டு!” பாலர் பாடசாலைத் தாய்மார் மாங்காயும் புளியும் கொண்டுவந்து தந்தார்கள். நானும் நம்பினேன், குழந்தைச் சட்டைக்கு மெல்லிய துணிகூடப் பார்த்து வைத்தேன். உன்னைத் தவிர உண்மை தெரிந்த ஒரே ஆள் அவன். அவன் முற்றத்தில் நின்று எல்லோரிடமும் வாழ்த்து வாங்கிக்கொண்டான். ஒப்பரேசன் செய்த இடத்தில் திரும்ப வந்து காட்டச் சொன்னார்களாம், மருந்துக் குளிசைகளை விடாமல் விழுங்கச் சொன்னார்களாம். அடிக்கடி கொழும்புக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அவன் உன்னை விடவில்லை. குளிசை சத்தியில் போனது.

பிறகு நடக்கத் தடுமாறினாய். ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றாய். மாமி கண்ணூறு கழித்தா. ஒருநாள் என்னைப் பார்த்து, “நீ ஆர் புள்ள?” என்று கேட்டாய். அன்றைக்கு ஓட்டோ பிடித்து உன்னை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது நான்.

அங்கே ஒரு இளம் டொக்டர் பெண்பிள்ளை உன் வயிற்றில் இருந்த சின்னச் சின்னத் தழும்புகளைப் பார்த்தா. “என்ன ஒப்பரேசன் செய்தது?” என்று பின்னால் வந்து சேர்ந்த அவனைக் கேட்டா. நான் கட்டிலின் மற்றப் பக்கம் நின்றேன். அவன் கண்ணை வெட்டாமல், “பித்தப்பையில கல்லு எடுத்தது” என்றான். நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய், சொல் வரவில்லை. மறுநாள் பின்னேரம் உனக்கு நினைவு தப்பிய பிறகுதான் உண்மையைச் சொன்னான்.

அந்த டொக்டர் பிள்ளை வெளியில் வந்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அக்கா, இந்த ஒப்பரேசன் கூடாததெண்டு நான் சொல்லமாட்டன். சில பேருக்கு அது தேவை, நல்லாவும் இரிக்காங்க. ஆனா செய்ததுக்கு மறுகா காலம் முழுக்கப் பாத்துக்கொள்ள வேணும். இவ்வளவு நாள் சத்தி எடுத்தா உடம்பில ஒரு விற்றமின் இல்லாமப் போயிரும், மூளையத் தாக்கும். நேரத்தோட சொல்லியிருந்தா ஊசியில ஏத்தியிருப்பம்.”

ஊசிதான் தேவைப்பட்டிருக்கிறது. அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் அது உனக்குக் கிடைத்திருக்கும்.

செத்தவீட்டில் உனக்குக் கூறை உடுத்தியது நான். உன் கலியாணச் சட்டை உனக்குத் தொளதொளவென்று கிடந்தது. ஊசி குத்திக் குத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் மாமி குனிந்து பார்த்துவிட்டு, “இப்பதான் வடிவா இரிக்கா” என்றா. முற்றத்தில் அவன் வருகிறவர்களிடம் மூக்கைச் சிந்திக்கொண்டு, “உடம்புதான் கொண்டுபோன. குறை குறையெண்டு எத்தின தரம் சொன்னன்” என்று அழுதான். ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதைதான். நான் கத்தரிக்கோலோடு எழும்பினேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ட புள்ள கிடக்கிற இடத்தில சண்ட வேணாம் மகள்” என்றா. அந்த ஒரு வார்த்தைக்காக வாயை மூடினேன். ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு அம்மா அவனைப் பெட்டியோடு வீட்டை விட்டு அனுப்பினா. எனக்கு அது போதவில்லை. நீ சோற்றால் செத்தவள் என்று ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த வருசத் திருவிழாவுக்கு முன்பு அந்தக் களுவாஞ்சிக்குடிப் பெண் வந்தாள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. பெருத்தவர்களுக்குப் பொருந்தத் தைப்பேன் என்று யாரோ சொல்லி வந்திருக்கிறாள். “நல்லா இறுக்கித் தையுங்க அக்கா, கலியாணத்துக்குள்ள மெலிஞ்சிருவன்” என்றாள். எப்படி என்று கேட்டேன்.

“மாப்பிள்ளைக்கு இது ரெண்டாம் கலியாணம். முதல் மனிசி உடம்பு பெருத்துச் செத்தவவாம். அந்தப் பயத்தில என்னயும் ஒப்பரேசன் செய்யச் சொல்றார். கொழும்பில இடமும் பாத்திரிக்கார். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதாம்.”

மாப்பிள்ளை யாரென்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன். அவன்தான்.

கேட்டாயா? உன் சாவையே எடுத்து அவளை வெட்டக் கத்தியாக்கிக்கொண்டான். நான் கடைக் கதவைச் சாத்திவிட்டு அவளைக் கதிரையில் இருத்தி முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். மாங்காய், தழும்பு, பித்தப்பைக் கல் ஒன்றையும் விடவில்லை. “உனக்கு வருத்தம் இரிந்து டொக்டர் சொன்னா யோசி. ஒருத்தன்ட வெக்கத்துக்காகச் செய்யாத. செய்தாலும் ஒளிச்சுச் செய்யாத” என்றேன். அவள் போகும்போது, “துணி இரிக்கட்டும் அக்கா. வேற ஒருத்தன் வருவான்தானே” என்றாள். அந்தக் கிழமைக்குள்ளேயே சம்பந்தம் முறிந்தது.

அவன் வந்தான். வருவான் என்று காத்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். தேர்த் திருவிழா நெருங்கிய நேரம், கடை நிறையப் பெண்கள். வாசலில் நின்று கத்தினான்: “என்ட கலியாணத்தக் குழப்பிட்டீங்க! அவள் உடம்பால செத்தவள். அதுக்கு நான் என்ன செய்ற?”

மெசினை நிறுத்தினேன். “உங்கட வாயாலதான் செத்தவள். டொக்டர் என்ன ஒப்பரேசன் எண்டு கேக்கக்குள்ள என்ன சொன்னீங்க? இவங்களுக்கும் சொல்லுங்க.”

பிள்ளைகளை உன்னிடம் விட்ட தாய்மார் இருவர் அங்கே நின்றார்கள். மாங்காய் கொண்டுவந்து தந்தவர்கள். அதில் ஒருத்தி முன்னால் வந்து, “சொல்லுங்கவன், என்ன சொன்னீங்க?” என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்தான், சொல் வரவில்லை. கிறுகி வந்த வழியே போய்விட்டான். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த முறை அது உனக்காக வேலை செய்தது. தேர் இழுத்து முடிவதற்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. இப்போது அவன் நடந்து போகும்போது அவனுக்கு முன்னால் நடக்கவும் ஆளில்லை, பின்னால் நடக்கவும் ஆளில்லை.

உன்னை எனக்குத் தெரியும். நீ இருந்திருந்தால், “போதும் விடுகா, பாவம்” என்று சொல்லி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருப்பாய். உன் இரக்கம் உன்னோடு போகட்டும். எனக்கு இது நல்லாயிருக்கிறது. அவனை மன்னிக்கச் சொல்லி நீயே எழும்பி வந்து கேட்டாலும் மாட்டேன். ஆனால் ஒருதரம் வந்து கேளேன்.