தனி அறை வேண்டாம்

இஞ்சாருங்கோ,

நான் ஆஸ்பத்திரிக்குப் போறன். தங்கச்சி துஷாந்தி காரிலை கொண்டுபோய் விடுவாள். ஒரு பித்தப்பைக் கல்லுக்காக உங்களை எழுப்ப மனம் வரேல்லை. வேலையாலை வந்து இப்பதானே படுத்தனீங்கள்.

கோபிக்காதையுங்கோ. தனி அறை வேண்டாம், ரெண்டு கட்டில் அறை போதுமெண்டு நேற்றே போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். ஓம், தெரியும். தனி அறைக்கு அரசாங்கம் குடுக்காத மேலதிகக் காசை எங்கடை முத்துவெல் காப்புறுதி குடுக்கும். "மாதாமாதம் கட்டுறம், ஏன் விடுவான்?" எண்டு நீங்கள் கேட்டது சரி. ஆனால் லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுக்க, "மனுசிக்குத் தனி அறை, டிவியோடை" எண்டு சொல்லித் திரிஞ்சது ஆர்? கோயில் சபைக் கூட்டத்தை அங்கையே வைக்கலாமோ எண்டு ஐங்கரன் அண்ணை என்னட்டைக் கேக்கிறார்!

ரெண்டு கட்டில் அறையெண்டால் ஒரு நோயாளியிட்டை ரெண்டு பேருக்கு மேலை விடமாட்டினமாம். ஒராள் நீங்கள். மற்றக் கதிரையிலை என்ரை கைப்பை இருக்கும்.

கணவாய்க் கறி பிரிட்ஜுக்குள்ளை. புட்டைச் சூடாக்க முந்திக் கொஞ்சம் தண்ணி தெளியுங்கோ.

நிரோஜினி

வரேக்கை என்ரை சால்வையைக் கொண்டுவாங்கோ. சூப் வேண்டாம். ஐங்கரன் அண்ணையும் வேண்டாம்.

இன்னொண்டு. ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ. உங்கடை குறட்டை கேக்காமல் தனி அறையிலை எனக்கு நித்திரை வராது. பக்கத்துக் கட்டில் மனுசியாவது குறட்டை விடுவா எண்டு நம்பித்தான் போறன்.