பொறத்தால ஆளு வருது, மாமி

இன்று காலை கல்லூரி வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது ஃப்ளெக்ஸுக்கென்று ஒரு வாடை உண்டு, புதுச் செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்தது போல. அந்த வாடைக்குத்தான் குடையைச் சாய்த்து நிமிர்ந்து பார்த்தேன். நல்ல உயரமான ஒரு பெண். கையில் கூடைப்பந்து, முதுகுக்குப் பின்னால் தீ எரிகிறது. முதல் வருஷம் சேர்ந்திருக்கிறாள். இந்தக் கல்லூரிக்காக இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்குள் கீழே 'நாளைய இந்தியா' என்று மலையாளத்தில் பெரிய எழுத்து.

ஸ்டாஃப் ரூமில் இதே பேச்சுத்தான். அடுத்த மேஜையில் உட்காரும் கெமிஸ்ட்ரிக்காரி, "டீச்சரே, இந்தக் குட்டி இத்ர பில்டப்பு தாங்குமோ?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். எதைக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அதுதான் என்பதால் அவள் அதற்கு மேல் தோண்டவில்லை.

நீ இங்கே ஆட வந்த காலத்தில் ஃப்ளெக்ஸ் இல்லை. துணி பேனர். பேப்பரில் வந்த உன் போட்டோவைப் பார்த்து யாரோ ஒரு பெயிண்டர் வரைந்திருந்தார். உன்னைச் சிவப்பாக்கி, மூக்கை நீட்டி, முடியைச் சுருட்டிவிட்டிருந்தார். நீ அதன் கீழே நின்று கழுத்தை ஒடித்துப் பார்த்துவிட்டு, முதன்முதலாக என்னிடம் பேசினாய்.

"இது யாரு அக்கா? எங்க சித்தி மாதிரி இருக்கா."

நான் இரண்டாம் வருஷம், டீமில் ஒருத்தி. உன்னைப் பற்றி வந்ததையெல்லாம் படித்திருந்தேன், ஒன்றையும் நம்பவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணை ஊர் முழுக்கத் தூக்கிப் பிடித்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இப்போதும் அப்படித்தான். ஆனால் நீ தமிழில் பேசியதும் நானும் தமிழில் பதில் சொல்லிவிட்டேன். எங்கள் வலியசாலை அக்ரஹாரத் தமிழ் உனக்கு வேடிக்கையாக இருந்தது. "ஆத்துல சொல்லிண்டுதான் வந்தேளா?" என்று அன்று சாயங்காலமே என்னைப் போலப் பேசிக் காட்டினாய். மறுநாளிலிருந்து நான் உனக்கு மாமி. ஒரு வாரத்தில் டீம் முழுவதற்கும் மாமி. எனக்கு அப்போது வயது பத்தொன்பது.

பந்தைக் கொண்டுவந்து பிரித்துக் கொடுப்பது என் வேலை. ரிங்குக்குக் கீழே நின்று வாங்கிப் போடுவது உன் வேலை. நீ போட்ட கூடைகளைத்தான் எல்லோரும் எழுதினார்கள். உன் உயரத்தை எழுதினார்கள். பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பரோட்டா போட வந்த தென்காசிக்காரரின் மகள் என்பதை எழுதினார்கள். நீ ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாய் என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டு முழு கோர்ட்டையும் பார்த்துச் சொல்வாய். "எடது கை காலியா இருக்கு." "அவள விடு, சும்மா ஓடுதா." எல்லாவற்றுக்கும் மேல், எனக்கென்று ஒன்று. "மாமி, பொறத்தால ஆளு வருது!" நான் திரும்பிப் பார்க்காமலே பந்தைக் கை மாற்றுவேன். பின்னால் வந்தவள் காற்றைப் பிடித்துக்கொண்டு போவாள்.

இங்கே எல்லோருக்கும் சினிமாத் தமிழ் தெரியும். உன் திருநெல்வேலி வேகம் யாருக்கும் தெரியாது. கோச் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். மற்ற கல்லூரிப் பெண்கள் நீ கத்துவதைக் கேட்டு முழிப்பதைப் பார்த்துவிட்டு, "இனி எல்லாரும் தமிழ் மதி" என்று, தமிழே போதும் என்று, சொல்லிவிட்டார். அதன்பிறகு நம் டீம் தமிழில்தான் ஓடியது. கோட்டயத்திலிருந்து வந்த நம் கேப்டன், இட்லிக்கு மேல் ஒரு தமிழ் வார்த்தை தெரியாதவள், 'பொறத்தால' என்று தொண்டை கிழியக் கத்துவாள். நீ சிரித்துப் பந்தை விட்டுவிடுவாய்.

அந்த வருஷம் கடைசி ஆட்டம்வரை நாம் தோற்கவே இல்லை. தென்னிந்தியக் கல்லூரிகளின் இறுதி ஆட்டம் இங்கேயே நடந்தது. இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முகாமுக்குப் போனால் உனக்கு ரயில்வேயில் வேலை என்று யாரோ உன் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அவர் காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துவிட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் முதல் வரிசைக்கு வந்துவிட்டார்.

எதிரே தமிழ்நாட்டிலிருந்து வந்த டீம்.

இதை இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். உனக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றவில்லை, கோச்சுக்கும் தோன்றவில்லை. ஒரு வருஷமாக அந்த மொழி நம் ஐந்து பேருக்குள் மட்டும் இருந்தது. அதற்கு வெளியே ஒரு நாடே அதைப் பேசுகிறது என்பது நம் நினைவிலேயே இல்லை.

தொடங்கிய சிறிது நேரத்தில் நீ, "மாமி, மேல போடு, நான் வலது பக்கம் வாரேன்" என்றாய். உன்னை மறிக்க நின்ற எதிரணிப் பெண், குள்ளமாக, ரெட்டைப் பின்னலோடு இருந்தாள். அவள் உனக்கு முன்னால் வலது பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னாள்:

"வாங்க அக்கா. இடம் போட்டு வச்சிருக்கேன்."

நீ நின்றுவிட்டாய். அவர்கள் பெஞ்ச் முழுவதும் சிரித்தது. அதன்பிறகு நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள், "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, எங்க டீச்சருக்குக் கேக்கலையாம்" என்றாள்.

கோச் வெளியிலிருந்து கத்தினார். "மலையாளத்தில் பறயு மோளே! மலையாளம்!"

நீ பிறந்தது இந்த ஊரில். படித்ததெல்லாம் மலையாளம். சண்டை போட்டால், கணக்குப் போட்டால், எல்லாம் மலையாளத்தில்தான் உனக்கு வரும். ஆனால் ஓடும்போது வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாய். மலையாளம் வருவதற்குள் பந்து போயிருந்தது. பாதி ஆட்டத்துக்குப் பிறகு நீ சத்தமே போடவில்லை. உன் குரல் இல்லாமல் எனக்கு நீ இருக்கும் இடம் தெரியவில்லை. நான் எறிந்த பந்துகள் கோட்டுக்கு வெளியே போயின. உன் கைக்கு வந்தவையும் வளையத்தில் தட்டி விழுந்தன.

தோற்றது பெரிதில்லை. படிக்கட்டிலிருந்து ஒருவர், அதற்கு முன் தினமும் உன் பேர் சொல்லிக் கைதட்டியவர்தான், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பாண்டிப் பெண்ணல்லே? சொந்தக்காரர்க்குக் களி விட்டுக்கொடுத்து." தமிழச்சி, தன் ஆட்களுக்கு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டாளாம். உடனே இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அன்று காலைவரை நீ கேரளத்தின் மகள். எங்கள் குடும்பமும் தஞ்சாவூரிலிருந்து வந்ததுதான், சில தலைமுறை முன்னால். நானும் தமிழில்தான் கத்தினேன். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அப்பா அந்தப் படிக்கட்டுக்கு ஏறிப் போனார். அடிக்கப் போகிறாரோ என்று நான் பயந்தேன். அவர் அந்த ஆளுக்கு முன்னால் நின்று, "நாங்களும் இவிடத்துக்காரங்கதான் சாரே" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். நீ ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். கேட்டிருப்பாய். நிமிரவில்லை.

முகாமுக்கு அவர்கள் ரெட்டைப் பின்னலைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பேப்பர்காரர்கள் உன்னை காற்றுப்போன பலூன் என்று எழுதினார்கள். ஊதியதும் அவர்கள்தான்.

அதற்கடுத்த இரண்டு வருஷமும் நீ ஆடினாய். புள்ளிகள் எடுத்தாய், கோப்பைகூட ஒன்று வந்தது. நல்ல ஆட்டக்காரி, பெரிதாகச் சொன்ன அளவுக்கு இல்லை என்று எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். கோர்ட்டில் நீ பேசவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. முதலிலேயே கவனிக்காதவர்களுக்கு அது எப்படித் தெரியும்? நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆடப் பழகினேன். ஒருமுறை உன்னிடம், "ஒரு வார்த்தை சொல்லப்படாதாடி?" என்று கேட்டேன். "எதுல சொல்ல, மாமி?" என்றாய்.

பிறகு உனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு அரசு ஆபீஸில் வேலை, கல்யாணம், ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் வீடு. எனக்கு இதே கல்லூரியில் வேலை. ஓணத்துக்கு ஒரு போன். கொஞ்சமாகத்தான் பழகினோம். என் சுபாவம் உனக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கட்டிலுக்கு வெளியே உன் பாதம் நீண்டிருந்தது. அவ்வளவு உயரத்துக்கு அவர்களிடம் கட்டில் இல்லை. முடியெல்லாம் கொட்டியிருந்தது.

"வா மாமி. இப்பதான் நெசமாவே மாமி மாதிரி இருக்க."

பிறகு நீயாகவே கேட்டாய். "அந்த ரெட்டச் சடை இப்ப எங்க இருப்பா?"

தெரியாது என்றேன்.

"நல்ல ஆட்டக்காரி. நான் சொல்லி முடிக்கதுக்குள்ள அங்க போய் நிப்பா. நீங்கல்லாம் ஒரு வருசம் கேட்டும் அவ்வளவு வெரசா வந்ததில்ல." மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாய். "நான் பேசுனத முழுசா வெளங்கிக்கிட்டது அவ ஒருத்திதான் பாரு."

நானும் சிரித்தேன். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபின் சிரிப்பாக இருக்கவில்லை. பத்து நாளில் நீ போய்விட்டாய்.

இன்று நாலு மணிக்கு மழை விட்டது. கெமிஸ்ட்ரிக்காரி அந்த முதல் வருஷப் பெண்ணைப் பார்க்கலாம் என்று என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். பெண் நன்றாகத்தான் ஆடினாள். ஆனால் ஒவ்வொரு கூடைக்கும் வாசல் பக்கம் ஒரு பார்வை, அந்தப் படத்தில் இருப்பவள் ஒத்துக்கொள்கிறாளா என்பது போல. சுற்றியிருந்த நாலு பேரும் அவளுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு வாய்பொத்தி நின்றார்கள். அவள் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது, பின்னாலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள்.

"பொறத்தால ஆளு!"

அவள் சட்டென்று பந்தைக் கை மாற்றினாள். ஓடி வந்தவள் வெறுங்கையோடு போனாள். எல்லோரும் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சரே, இது ஏது பாஷ?" என்றாள் கெமிஸ்ட்ரிக்காரி.

எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் பின்னாடி என்போம். என் வாயிலிருந்து வந்தது உன் சொல், உன் வேகத்தில். இத்தனை வருஷம் அது எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. நான் குடையை மடக்கிக்கொண்டு, என் சிநேகிதியின் பாஷை என்று சொன்னேன்.