ஒரு விரலும் ஆறு கம்பிகளும்

தோணிரேவு,
ஞாயிறு மாலை

நைனாவுக்கு,

காசிமேட்டுப் போட்டில் சாப்பாடு எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இன்று மறுபடி கிட்டாரை எடுத்தேன். பார் கார்டு என்று ஒன்று உண்டு. இடது ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒன்றாக அழுத்த வேண்டும். கெளுத்தி முள் ஏறியதே, அதே விரல். ஆபரேஷனுக்குப் பிறகு மரத்தே கிடந்தது. உணர்ச்சி திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து நீ என் கையைப் பார்ப்பதே இல்லை. நம் ஏரியை விட்டு அங்கே போய்விட்டாய்.

வலையில் மீன் எடுக்கக் கூப்பிட்டது நீதான். முள்ளை ஒடித்துவிட்டு எடு என்று சொன்னதும் நீதான். ஒடிக்காமல் இழுத்தது நான்.

விரலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி அழுத்தினேன். ஐந்து கம்பிகள் பேசின, ஒன்று பேசவில்லை. இன்னும் அழுத்தினேன். சுரீரென்றது.

"எம்மா, வலிக்குதும்மா!"

"இன்னாடி, வலிக்குதுன்னு சிரிக்கிற? லூசாடி நீ?"

நண்டுக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அம்மா, விரலைப் பிடித்துக் கிள்ளினாள். கத்தினேன். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்த ஒரு கம்பி இன்னும் பேசவில்லை. பேசும்.

நீயும் வந்து ஒருதரம் கிள்ளிப் பார், நைனா.

உன் மகள்