நீலமாகாத குடுவை

ஜூன் 3
மறுபடி வேலைக்குப் போனேன். என் கணவர் இறந்த பிறகு இதுதான் முதல் நாள். ஆய்வகத்தில் எல்லோரும் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். துக்கம் என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும் — அப்படி.

ஜூன் 5
ஒரு வலி மருந்தின் இரண்டு பாதிகளை இணைக்க வேண்டும். இதுவரை பல்லேடியம்தான் வினையூக்கி. "அது கடைசி வரைக்கும் மருந்துல ஒட்டிக்கிட்டே வருதும்மா. காப்பர் அயோடைடுல முடியுதான்னு பாரு" என்றார் மேலாளர்.

ஜூன் 6
குடுவை நீலமாகிவிட்டது. காற்று புகுந்து காப்பரைக் கெடுத்திருக்கிறது. கொட்டினேன்.

ஜூன் 9
அண்ணன் வந்தான். மாமாவின் முன்னாலேயே கேட்டான்: "புருஷனே இல்ல, மாமனார் வீட்ல இன்னும் உனக்கு என்ன வேலை?" மாமா குவளையைப் பார்த்துக்கொண்டே, "சரியாத்தான் சொல்றார். எனக்காக நீ இங்க உக்காந்திருக்க வேணாம்மா" என்றார். போகவும் தோன்றவில்லை, இருக்கவும் தோன்றவில்லை. ஞாயிறு வண்டி கொண்டுவருகிறானாம். சரி என்றேனா? தலையாட்டினேன் போல.

ஜூன் 12
இன்று நீலம் இல்லை. ஆனால் எதுவும் இணையவுமில்லை. செம்பு உப்பு கரையாமல் அடியில் மண் மாதிரி கிடக்கிறது. பக்கத்து மேஜைக்காரி — 'வானொலி' என்போம் — எட்டிப் பார்த்தாள். "டைஅமீன் ரெண்டு சொட்டு விடுடி. அது காப்பரைப் புடிச்சு கரைசலுக்குள்ள இழுத்துட்டு வந்துடும்."

ஜூன் 13
நடந்துவிட்டது. சோதனைத் தகட்டில் அந்த இரண்டு பாதிகளின் பழைய புள்ளிகள் இல்லை. புதிதாக ஒன்றே ஒன்று. வானொலி கைதட்டினாள். எனக்கு ஒன்றுமே இல்லை. ஏன் ஒன்றுமே இல்லை?

வீட்டுக்கு வந்து, எதற்கென்று தெரியாமல், மாமாவிடம் சொன்னேன். என் வேலையைப் பற்றி அவரிடம் பேசியதே இல்லை.
"அப்போ அந்தச் செம்பு கடைசில மருந்துக்குள்ள போகாதா?"
"போகாது மாமா. கழுவி எடுத்துடுவோம்."
"பாவம். கல்யாணத்த முடிச்சு வச்சிட்டுச் சாப்பிடாமப் போற புரோக்கர் மாதிரி."
சிரித்துவிட்டேன். சத்தமாக. அப்புறம் அது சிரிப்பாக இல்லை, நிறுத்தவும் முடியல, மூக்கெல்லாம் ஒழுகி — மாமா எழுந்து போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே இருந்தார். "அவனும் சிரிச்சிருப்பான்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு
என் பெட்டியை மாமாவே வாசலில் வைத்திருந்தார். உள்ளே எடுத்துப் போனேன். "அண்ணா, சாப்ட்டுட்டுப் போ" என்றேன். முறைத்தான். சாப்பிட்டான்.

ஜூன் 20
பெரிய குடுவையிலும் நன்றாக வந்தது. மாமாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். நாளை கடையில் கூட்டமாக இருக்கும், இன்றே கூட்டிப் போகிறேன். கிளம்பலாமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார் — சொல்ல வேண்டும்.