மூன்று குப்பித் தேன்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

முழங்கால் வலி குறைந்ததா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அம்பத்தூரில் நான் சுகம்.

ஏதோ ஒரு தீவிலிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்துபோகும் இன்ஜினியர் இந்த முறை எனக்கு மூன்று சின்னக் குப்பித் தேன் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் ஒரே பூவின் தேனாம். வீட்டுக்கார அம்மா சாமுண்டீஸ்வரியிடம் காட்டினேன்.

"ஒரு பூவுல இம்மாந் தேனா? அந்தப் பூவ என் காதுல சுத்தாத!" என்று சிரித்தவர், "ஆமா, ஒண்டியா கீற, உனுக்கு எதுக்கு மூணு?" என்றார்.

காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். போன முறை வந்தபோது அந்த இன்ஜினியர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஒருத்திதான் என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று என்றேன். பாவம், ஆளுக்கொன்றாகச் சுமந்து வந்திருக்கிறார்.

தம்பி ஜாபஸுக்கு லீவு கிடைத்தால் இருவரும் நான்கு நாள் வாருங்கள். நான் சொன்னதும் பொய்யாகாது. வரும்போது நம் வீட்டு மிளகு கொஞ்சம் எடுத்து வாருங்கள்.

குப்பிகளை இன்னும் திறக்கவில்லை. தேன் கெட்டுப்போகாது, அவசரமில்லை.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஜெயகுமாரி