அப்பாவின் ரிவால்வரில் சித்தப்பாவின் குழல்

என் பிரியமான அப்பாவுக்கு,

உங்கள் முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனேன். தேர்தலுக்குத் தேர்தல் நீங்கள் ஒப்படைத்தபோதெல்லாம் பிடியிலிருக்கும் எண்ணைத்தான் பார்த்தார்கள். புதிதாக வந்திருக்கும் ஏட்டு குழலின் அடியிலும் பார்த்தார். "ரெண்டு நம்பரும் வேற வேறயா இருக்கே. இது யாரு குழலும்மா? விசாரிச்சு எழுதிக் குடுங்க" என்றார்.

எனக்குத் தெரியும். தாத்தா உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் விட்டுப்போன இரண்டு ரிவால்வரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிற சித்தப்பாவுக்குத் துப்பாக்கியைத் துடைக்க நேரமில்லை. குழல் துருப்பிடித்துவிட்டது. லைசென்ஸ் புதுப்பிக்க அதைக் காட்ட வேண்டிய நேரத்தில், உங்கள் குழலைக் கேட்டு உங்களிடம் ஓடிவந்தார். நீங்களோ அச்சகக்காரர். "ஒரு மிஷின் ரோலரை இன்னொண்ணுல மாட்டுறதில்லையா? அம்புட்டுதான்" என்றீர்கள்.

அம்புட்டுதானா அப்பா? அந்தக் காலத்து ரிவால்வர், ஒவ்வொரு குழலையும் அதனதன் உடம்புக்கென்று கையால் அராவிச் சேர்த்திருந்தார்கள். நீங்கள் மாற்றி முறுக்கியதும் குறி பார்க்கும் முனை ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. நேராக்க அரத்தை எடுத்தீர்கள், நான் பக்கத்தில்தான் நின்றேன். அராவியபின் பழையபடி மாட்டவும் வழியில்லை. நல்ல குழல் அவருக்கு, துருக்குழல் உங்களுக்கு. ஆனைக்குட்டம் பக்கம் சுட்டுப் பார்த்து, பொருந்தாத குழலிலிருந்து தெறித்த ஈயச் சில்லு கன்னத்தைக் கிழித்தபோது, சவரம் செய்கையில் வெட்டிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னீர்கள். சித்தப்பாவிடம் ஒருமுறையாவது மாட்டேன் என்று சொல்லியிருக்கிறீர்களா?

நேற்று சித்தப்பா வந்தார். "அண்ணன் எங்கனயோ திருட்டுக் குழலு வாங்கி மாட்டிட்டாருன்னு எழுதிக் குடு தாயி. செத்தவுக மேல கேஸ் வராது. என் பேரு வந்தா பட்டாசு லைசென்ஸே போயிரும்." காபியைக் குடித்து முடித்து, புது செல்போனைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார். என் தம்பி அவர் கம்பெனியில் போர்மேனாக இருப்பதையும் நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒங்கப்பாவத் திருடன்னு ஒன் கையால எழுதிருவியா?"

எழுத மாட்டேன் அப்பா. நாளைக் காலை ஸ்டேஷனில், நீங்கள் அரத்தை எடுத்ததையும் எழுதுவேன், யாருக்காக எடுத்தீர்கள் என்பதையும் எழுதுவேன். என் தம்பிக்கு வேலை போகும், அவனிடம் சொல்லிவிட்டேன். உங்கள் தம்பியை நீங்கள் காப்பாற்றியது போதும். உங்களை நான் காப்பாற்றுகிறேன், உங்கள் மேல் இருக்கிற கோபத்தோடேயே.

மனசு ஆறாத,
உங்கள் மூத்த மகள் செல்வி