ஹெல்மெட் பட்டை

செவ்வாய், இரவு.

காதுக்குக் கீழே கட்டியோடு போன வாரம் வந்த ஒரகடம் ஃபேக்டரிக்காரர் இன்று ரிசல்ட் வாங்க வந்தார். ஊசியில் எடுத்த செல்களை மைக்ரோஸ்கோப்பில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிதான். சாதாரணக் கட்டியா புற்றா என்று அந்தச் செல்களை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதற்கென்றே ரிப்போர்ட்டில் இருக்கும் நடு வகையில் போட்டுக் கையெழுத்திட்டேன். தப்பாக எழுதவில்லை, ஆனால் அவருக்கு அதில் பதிலும் இல்லை. அதுதான் எரிச்சல்.

"இன்னா டாக்டர், கேன்சர்னு போட்டுகீதா?" என்றார்.

"போடலை. ஆனா இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பார்த்தாதான் தெரியும்."

'போடலை' என்ற முதல் வார்த்தைக்குப் பிறகு நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. முகம் தெளிந்துவிட்டது. வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டாராம்.

"வலியெல்லாம் இல்ல டாக்டர். வேலைல போடுற ஹெல்மெட்டு பட்டைதான் அழுத்துது. கொஞ்சம் லூசு பண்ணிக்கினா சரியாப்பூடும்."

மாடியில் சர்ஜனைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன். தலையாட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். அடுத்த ஸ்லைடை எடுத்து வைத்துவிட்டேன்.

இந்நேரம் அவருக்கு நைட் ஷிஃப்ட் தொடங்கியிருக்கும். பட்டையைத் தளர்த்தி மாட்டியிருப்பார். கட்டிக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும்.